அரக்கர் கட்சி

எங்கள் அப்பாவிடம் இருந்த ஒரே புத்தகம், பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு கதைப் புத்தகம். அட்டை எப்போதோ போய்விட்டது. பாலோ ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை எடுத்து ஊற்றிவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டதும், அதை எடுத்து ராகம் போட்டு வாசிப்பார். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ராஜகுமாரன் கட்சி. என் தங்கை மட்டும் அரக்கர் கட்சி.

அந்த அரக்கர்கள் உயிரை உடம்பில் வைத்துக்கொள்வதில்லை. ஏழு கடல் தாண்டி, ஏதோ ஒரு குகையில், கிளிக்குள்ளோ வண்டுக்குள்ளோ ஒளித்துவிடுவார்கள். வெட்டினாலும் சாக மாட்டார்கள். கடைசியில், சிறைபிடித்து வந்த ராஜகுமாரி அரக்கன் தலையில் பேன் பார்த்துக்கொண்டே நைச்சியமாகக் கேட்பாள்; அந்த மடையன் இடத்தைச் சொல்லிவிடுவான். அவ்வளவுதான், செத்தான். தங்கைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். கேட்டால் சொல்லிவிடுவதா, வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதா அவனுக்கு என்று அப்பாவிடமே சண்டை பிடிப்பாள்.

அவளுக்கு அடிக்கடி குளிர்காய்ச்சல் வரும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கொடுக்கும் கசப்பு மருந்து கொய்னாவைக் குடிக்க வைக்க இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை காய்ச்சல் விட்டு எழுந்தவள், தன் உயிரை ஒரு ரப்பர் கொட்டைக்குள் வைத்து ஒளித்துவிட்டதாகச் சொன்னாள். இனிமேல் காய்ச்சல் அவளை ஒன்றும் செய்ய முடியாதாம். ரப்பர் கொட்டைக்கா பஞ்சம், தோட்டமெங்கும் வெடித்துச் சிதறிக் கிடந்தன. எல்லாரும் சிரித்தோம். ஆனால் அதன் பிறகு முரண்டு பிடிக்காமல் மருந்தைக் குடித்தாள், உடம்பும் தேறியது. நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. பாழாய்ப்போன விலை. எங்கேயோ எவனோ வாங்க மாட்டேன் என்றானாம், எங்கள் சோற்றில் மண் விழுந்தது. பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு யோங் பெங் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை இருப்பதாகக் கங்காணி சொன்னார். அன்றைக்கே லாரி வந்து நின்றது. சட்டிபானையோடு எங்களையும் ஏற்றினார்கள். தங்கை குதித்து ஓடப் பார்த்தாள். உயிரை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று கத்தினாள். அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்து உள்ளே இழுத்துப் போட்டாள். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். லாரியை விட்டால் அந்த வேலையும் போய்விடும்.

புதுத் தோட்டத்தில் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை விடுவதாக இல்லை. கொய்னாவைத் துப்பினாள். உயிர் அங்கே கிடக்கும்போது இங்கே மருந்து எதற்கு என்றாள். அவள் தலையை மடியில் வைத்துக் கோதிக்கொண்டே கெஞ்சினேன். இடத்தைச் சொன்னால் போதும், லாரிக்காரரிடம் சொல்லி எடுத்து வரச் சொல்கிறேன் என்றேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

“நீயும் அந்த ராஜகுமாரி மாதிரியேதான் கேக்குற, அக்கா.”

அதன் பிறகு நான் கேட்கவில்லை. சொல்லாமல் இருக்கிற வரைக்கும் உயிரோடு இருப்பாள் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. எனக்கு வேறு என்ன இருந்தது? கும்பிட்ட சாமியெல்லாம் கல்லாகத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம், அம்மாவும் அப்பாவும் வேலைக்காட்டில் இருந்தார்கள். அவளே என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

“கெணத்தடியில, அக்கா. ஒடஞ்ச பால் மங்குக்குக் கீழ. நீயே எடுத்து வெச்சுக்க.”

பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.