காது பார்க்கும் தேவிப்பிரியா

காலை ஆறு நாற்பது. தேவிப்பிரியா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஊரார் காதைச் சோதிக்கும் கருவியைத் தினமும் முதலில் தன் காதில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். அடித்தொண்டைக் குரல் போன்ற ஒலியில் தொடங்கி, கொசு பறப்பது போன்ற கீச்சொலி வரை ஒவ்வொன்றாகக் கேட்டு, நேற்றைய அளவோடு ஒத்துப்போனால்தான் கருவிப் பெட்டி வேனில் ஏறும். அன்று பாதியில் தோளில் ஒரு கை பட்டது. வேன் ஓட்டும் அன்பு. ஐம்பது வயது மனிதர், செருப்பைக் கழற்றாமல் அறைக்குள் வந்திருந்தார்.

"கண்ணு, அந்தப் பச்சியப்பன் போயிட்டாரு. நேத்து சாயங்காலம். லாரி ரிவர்ஸ் எடுத்திருக்கான். கீச்கீச்சுன்னு ரிவர்ஸ் ஆரன் அடிச்சுக்கிட்டேதான் வந்தானாம்."

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். "எங்கீங்கண்ணா?" என்று கேட்டாளே தவிர, பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"யார்டுலதான்."

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. தர்மபுரி மாவட்டத்தில் கிரானைட் அறுக்கிறவர்கள், பாலிஷ் போடுகிறவர்கள், கிரஷரில் ஜல்லி உடைக்கிறவர்கள் என்று இரைச்சலில் பிழைக்கிறவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை காது சோதிப்பது வேலை. வேனின் பின்பாதியில் சத்தம் புகாத சிறிய அறை ஒன்று உண்டு. கையில் வளையல் போடமாட்டாள். ஒலி அனுப்பும்போது வளையல் குலுங்குவதை அறையின் கண்ணாடி வழியே பார்த்து, கேட்காதவரும் கேட்டதாகச் சொல்லிவிடுவார். அதே காரணத்துக்காக விரல்கள் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வாள். யாரையும் முதுகுப் பக்கமிருந்து கூப்பிடமாட்டாள். மளிகைக் கடைக்காரரானாலும் முன்னால் போய் நின்று, முகம் பார்த்துத்தான் பேச ஆரம்பிப்பாள். கல்யாண வீடுகளில் மேளத்துக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பித் தள்ளி உட்கார வைப்பாள். இதனால் சொந்தத்தில் இரண்டு வீட்டார் அவளோடு பேசுவதில்லை.

தொழிலாளர்களுக்கு அவள் காது டீச்சர்.

"டீச்சர், இந்த வருசமாச்சும் பாஸ் போட்டு வுடுங்க."

"மார்க்கு நான் போடறதில்லீங்கண்ணா, உங்க காது போடுது. கேட்டா அமுக்குங்க. கேக்கலைன்னா வூட்டுல சம்சாரம் கூப்புடறப்போ இருக்கற மாதிரி சும்மா இருங்க."

வேன் வாசலில் சிரிப்பு எழும். ஆனால் உள்ளே போகிற முகங்களில் சிரிப்பு இருக்காது. அவர்கள் அதைப் பரீட்சையாகவே நினைத்தார்கள். காது சரியில்லை என்று எழுதிவிட்டால் மிஷின் கைவிட்டுப் போகும். அதனால் முடித்து இறங்குகிறவர் அடுத்தவருக்குச் சூட்சுமம் சொல்லிக்கொடுப்பார்: மூணு மூணா வரும், ஒரு மூச்சு வுட்டு அமுக்கு.

இரண்டு மாதத்துக்கு முன் பச்சியப்பன் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். ஐம்பத்தொரு வயது, பத்தொன்பது வருடமாகப் பாலிஷ் மிஷின். பொத்தானை அவர் அமுக்கிய விதத்தில் ஒரு பிசிறு இல்லை. அந்த ஒழுங்குதான் தேவிப்பிரியாவை உறுத்தியது. ஒலி எதுவும் அனுப்பாமல் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் அமுக்கினார். ஒரு மூச்சு விட்டார். மறுபடி அமுக்கினார். கண்ணாடிக்கு அப்பால், நன்றாகப் படித்துவிட்டு வந்த பிள்ளையின் நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

அவள் கதவைத் திறந்து, அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "அண்ணா, நான் ஒண்ணும் அனுப்பவே இல்லீங்க."

அவர் அவள் உதட்டையே பார்த்தார். "மிசினு போயிருமா?" என்றார்.

"போனாப் போவுதுங்கண்ணா. மிச்சம் இருக்கற காதாச்சும் நிக்கட்டும்."

"நீ சொன்னா செரி. எழுதிக்க."

அவள் எழுதியது ஒரு வரி: சத்தம் குறைவான இடத்துக்கு மாற்றவும். தொழிற்சாலையும் தட்டாமல் மாற்றியது. அங்கே மீட்டர் வைத்து அளந்ததில் சத்தம் குறைவான இடம் யார்டு. கல் பாளங்களை லாரியில் ஏற்றி இறக்கும் திறந்தவெளி. லாரி பின்னால் வரும்போது அடிக்கிற கீச்சொலி எந்தச் சுருதியோ, பச்சியப்பன் காதை விட்டுப் போன ஒலியும் ஏறக்குறைய அதே சுருதி. வரைபடத்தில் அந்த இடத்தில் கோடு பள்ளத்தில் விழுவதைத் தன் கையாலேயே அவள் போட்டிருந்தாள். வண்டி வந்துபோகும் இடத்தில் நிறுத்தக் கூடாது என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டத்துக்கு வெளியிலும் எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று போகவேண்டிய பட்டறைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, மதியத்துக்கு மேல் ஏரியூர்ப் பக்கம் இருந்த சாவு வீட்டுக்குப் போனார்கள். பச்சியப்பனின் மனைவி தங்கம்மாள் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"காது பாத்த பொண்ணு நீதானா? மிசின வுட்டு மாத்துனதுலேர்ந்து, ராத்திரியில காதுக்குள்ள வண்டு கத்தறது கொறஞ்சுபோச்சுன்னு சொல்லுவாரும்மா. இந்த ரெண்டு மாசந்தான் நல்லாத் தூங்குனாரு."

தேவிப்பிரியா தங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேனுக்குத் திரும்பியதும் அன்புதான் பேசினார்.

"நீ நல்லதுதானே கண்ணு எழுதுன."

"பாதிதாங்கண்ணா எழுதுனேன்."

சீட்டுக்கடியில் இருந்த ஃபைலை எடுத்து மடியில் விரித்தாள். இரண்டு வருடத்துப் படிவங்களில் அதே ஒரு வரி இன்னும் மூன்று பேருக்கு எழுதியிருந்தாள். முதலில் காளியப்பன். அவர் மகள் போனை எடுத்தாள்.

"அப்பாவ இப்ப எங்கம்மா போட்டிருக்காங்க?"

"கம்பெனி கேட்டுலதானுங்க. வர்ற வண்டிக்கெல்லாம் கை காட்டி வுடறாரு."

"நாளைக்கு அவரு போக வேணாம். நான் வந்து மேனேஜர்கிட்டப் பேசற வரைக்கும் வூட்டுலயே வையி. நீ அவரு முன்னால நின்னு சொல்லும்மா. திண்ணமாச் சொல்லு."

அடுத்தவர் நஞ்சப்பன். ஸ்டோர் ரூமில், கதவுக்குள்ளே உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிறாராம். அவள் அந்தப் படிவத்தின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, வண்டி வந்துபோகும் இடத்துக்கு மாற்றக் கூடாது என்று எழுதி அதை மூடினாள்.

மூன்றாவது ஆள் பெயர் மாது. கிரஷரில் வேலை, போனை எடுக்க வீட்டில் வேறு யாரும் இல்லாத தனி ஆள். போன் முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். கிரஷர் ஆபீஸ் நம்பரையும் யாரும் எடுக்கவில்லை. மாதுவின் வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். பச்சியப்பனுடையதைவிட ஆழமான பள்ளம்.

"போன் அடிக்கறது அவருக்குக் கேக்காதுங்கண்ணா" என்றாள்.

அன்பு வண்டியைக் கிரஷர் பக்கம் திருப்பினார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மணி ஆறரை. மாதுவுக்கு ஏழு மணிக்கு நைட் ஷிப்டு. அவருக்கு இன்னும் சொல்லியாகவில்லை.