சந்தனம் வைத்த வண்டி

சனிக்கிழமை, காலை 6.10. தேனியிலிருந்து கம்பத்துக்கு நாற்பது கிலோமீட்டர். சின்னமனூர் வரை நின்றபடி வந்தேன். அங்கே பாதி இருக்கை கிடைத்தது. மீதிப் பாதியில் ஒரு பலாப்பழம் உட்கார்ந்திருந்தது. முந்தைய நாள் முழுக்க வெறும் டீதான். அது எனக்குப் பழக்கம்.

8.40. கம்பத்தில் பேருந்து மாறி, சுருளிப்பட்டியில் இறங்கி, அருவிக்குக் குறுக்குவழி என்று யாரோ காட்டிய மண்பாதையில் நடந்தேன். இருபுறமும் திராட்சைப் பந்தல். நடுப்பாதையில் ஒரு ஏ.டி.வி. நின்றிருந்தது. பைக்கின் கைப்பிடி, நான்கு கொழுத்த சக்கரங்கள், பின்னால் சின்ன டிரெய்லர். அதில் பத்துத் திராட்சைப் பெட்டிகள். வண்டியெங்கும் சந்தனமும் குங்குமமும். பக்கத்தில் தோட்டக்காரர் சேகரும் அவர் மனைவி முத்துலட்சுமியும் சண்டையில் இருந்தார்கள்.

"வண்டி களைச்சுப்போச்சு. பத்து நிமிசம் விட்டா தானா கெளம்பும்" என்றார் சேகர்.

"களைக்கிறதுக்கு அதென்ன காளமாடா? பதினோரு மணிக்கு லாரிய எடுத்துருவோம்னு ஏவாரி சொன்னாக. நாளைக்கு லாரி இல்ல. வெட்டுன பழம் திங்கக்கிழம வரைக்கும் தாங்குமா?"

தோட்டத்தில் இன்னும் இருபது பெட்டி கிடந்தது. இடையில் ஓடைச் சேறு. டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஒன்பதைத் தாண்டாத எனக்கு இந்த வண்டி தெரியும். வாகமண்ணில் சுற்றுலாக்காரர்கள் ஓட்டும் இதே வண்டிகளை ஆறு மாதம் கழுவித்தான் சோறு தின்றேன். அதைச் சொல்லிவிட்டுக் கிட்டே போனேன்.

"எப்பயிருந்துண்ணே இப்பிடி நின்னு நின்னு போகுது?"

"நேத்து வெள்ளிக்கிழம. நல்லாக் கழுவி, பொட்டு வச்சு, சூடம் காட்டுனேன் தம்பி. அப்பயிருந்துதான்."

தண்ணீர் புகுந்திருக்கும் என்று நினைத்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். ஏர் பில்டரில் உழவுப்புழுதி அப்பியிருந்தது, தட்டி மாட்டினேன். ஆயில் அளவு சரி. டயரில் பைக்குக்கு அடிப்பதைப்போல் காற்று அடித்திருந்தார்கள். இந்த டயர் கட்டைவிரலுக்கு அமுங்க வேண்டும். அப்போதுதான் சேற்றில் பிடிக்கும். கொஞ்சம் இறக்கினேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். ஒரே உதையில் கிளம்பியது. சேகர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

9.30. முந்நூறு மீட்டர் போய் மறுபடி நின்றது.

"மெக்கானிக்குன்னு சொன்னாரே!" என்றார் முத்துலட்சுமி.

"கழுவுறவன்னுதான்க்கா சொன்னேன்."

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தேன், ஓடியது. சிறிது தூரத்தில் நின்றது. திரும்பத் திறந்தேன், 'உஸ்', ஓடியது. அப்போதுதான் மூடியைச் சரியாகப் பார்த்தேன். அதன் உச்சியில் ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், எல்லாம் காய்ந்து சிமென்ட்டாகியிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்றுப் போக அந்த மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது.

"அண்ணே, மூக்கப் பொத்திட்டு ஓடச் சொல்லியிருக்கீங்க."

மூடியைத் தளர்த்தி ஓட்டினால் மேட்டில் பெட்ரோல் சிந்தும். குத்திவிட ஏதாவது வேண்டும் என்றேன். முத்துலட்சுமி வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார். சந்தனத்தைச் சுரண்டி, துளையைக் குத்தி, வாயால் ஊதிப் பார்த்தேன். காற்று போனது.

"சாமிக்கு வச்சது தம்பி" என்று முனகினார் சேகர்.

"லைட்டுக்கு மேல வைங்க. சாமி அங்கன வந்து பாக்கட்டும்" என்றார் மனைவி.

9.45 முதல் மூன்று நடை. நான் டிரெய்லரில் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டேன். முழங்கால் வரை சேறு தெறித்தது. வண்டி ஒரு முறைகூட நிற்கவில்லை. மூன்றாவது நடை தார்ச்சாலையில் ஏறியபோது லாரி உறுமிக்கொண்டிருந்தது. மணி 10.55. முத்துலட்சுமி கையை விரித்து லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். கடைசிப் பெட்டி ஏறிய பிறகுதான் விலகினார்.

12.30. அருவியில் சேற்றைக் கழுவிவிட்டு வந்தபோது இருவரும் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தார்கள். நான் உட்கார்ந்ததும் முத்துலட்சுமி என் மடியில் ஒரு பை பன்னீர்த் திராட்சையைப் போட்டார். எங்கள் ஊரிலும் வண்டிக்குப் பொட்டு வைப்போம். ஆனால் இவ்வளவு தாராளமாக இல்லை. பேருந்து வந்தது. நான் படியில் ஏறுமுன் சேகர் கையோடு கொண்டுவந்திருந்த சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து என் நெற்றியில் பெரிதாக ஒன்று வைத்தார். பிறகு சந்தேகம் வந்து கேட்டார்:

"ஒங்களுக்கு இங்கன ஓட்டை ஒண்ணும் இல்லைல தம்பி?"