சுவரோரம் கிடந்த கட்டில்

எங்க வீட்டுக்காரருக்கு வலது கையும் காலும் விழுந்து பேச்சும் போனபோது, என் மகள் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். எங்கள் ரெண்டு பக்கத்துச் சொந்தத்திலும் நர்ஸுக்குப் படித்தவள் அவள் ஒருத்திதான். அடுத்தவர் வயலில் நாத்து நட்டு அவளைப் படிக்க வைத்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன்.

அவரை அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்ததும் மகள் எனக்கு ஒரு வேலை சொன்னாள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க அவரைப் புரட்டிப் போட வேண்டும். ஒருதரம் வலப்பக்கம், ஒருதரம் இடப்பக்கம், முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து. மல்லாக்கவே கிடந்தால் இடுப்பில் தோல் செத்துப் படுக்கைப்புண் வந்துவிடும், அப்பாவுக்கு இருக்கிற சர்க்கரைக்கு அது ஆறாது என்றாள். சிவந்த இடத்தில் ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கவும் கூடாதாம். அவள் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேய்த்தால் உள்சதை இன்னும் நைந்து போகும், பல பேருக்குச் செய்து பார்த்தே எழுதியிருக்கிறார்கள் என்று இவள் சொன்னதற்குப் பெரிய சிஸ்டர், "புஸ்தகத்துல படிச்சத புஸ்தகத்துலயே வச்சுட்டு வா தாயி" என்று சிரித்தாராம். அங்கேதான் விடவில்லை, அப்பாவுக்காவது செய்வோம் என்று இருந்தாள்.

அவள் வேலைக்குத் திரும்பிப் போன பிறகு நான் மணி பார்த்துப் புரட்டினேன். அவர் முதுகில் ஒரு சிவப்பு இல்லை.

பிறகு சனம் வர ஆரம்பித்தது. அவர் எல்லோருக்கும் வேண்டிய மனுசர். ஆள் படுத்துவிட்டார் என்று தெரிந்ததும் ஒவ்வொரு பஸ்ஸிலும் நாலு பேர் வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க வந்தால் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தால் உறவை முறித்த மாதிரி. கட்டிலோ சுவரோரம் கிடந்தது. இடப்பக்கம் திருப்பினால் அவர் சுவரைத்தான் பார்ப்பார்.

என் நாத்தனார் வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எங்கண்ணன் மொகத்தச் செவத்தப் பாத்துப் போட்டிருக்கீகளே மதினி, நாங்க முதுகப் பாக்கவா பஸ்ஸேறி வந்தோம்?"

நான் விவரம் சொன்னேன். உங்க மக நர்ஸுன்னா ஆஸ்பத்திரியில, இங்க நான் அவருக்குத் தங்கச்சி என்றாள். கொழுந்தனைக் கூப்பிட்டு அவரை மல்லாக்கப் போட்டு, எல்லோரும் தெரியட்டும் என்று தலைக்கு ரெண்டு தலையணை வைத்தாள். அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது. பேச்சு வராவிட்டாலும் வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக் கண்ணீர் விட்டார். ஒரு கூட்டம் எழுந்தால் அடுத்த கூட்டம் உட்கார்ந்தது. புரட்டுவதற்கு நேரமே வாய்க்கவில்லை. இம்புட்டுச் சனம் யாருக்கு வரும் என்று எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள்.

மகள் லீவு கிடைத்து வந்து அவரைத் திருப்பிப் பார்த்தாள். இடுப்பில் கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் கருத்திருந்தது. கட்டிலை ஒண்டியாக இழுத்து வீட்டுக்கு நடுவில் போட்டாள். ரெண்டு பக்கமும் பாய் விரித்தாள்.

"அப்பா எந்தப் பக்கம் பாத்துப் படுத்திருக்காரோ, வர்றவுகள அந்தப் பக்கம் போயி உக்காரச் சொல்லும்மா."

அவ்வளவுதான் வேலை. ஒருத்தரும் தப்புச் சொல்லவில்லை. அவரைத் திருப்பத் திருப்ப, என் நாத்தனாரும் எழுந்து எழுந்து பாய் மாறி உட்கார்ந்தாள். ஆனால் அந்தக் கருப்பு உள்ளே போய்விட்டிருந்தது. மகள் உப்புத்தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கட்டுப் போட்டாள். சீழ் நிற்கவில்லை, காய்ச்சல் இறங்கவில்லை. நெல் அறுக்கும் முன்னே அவர் போய்விட்டார்.

இப்போது அவளே ஒரு வார்டுக்குப் பெரிய சிஸ்டர். ஸ்பிரிட் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். கட்டில்களையும் நடுவில் இழுத்துப் போட்டாயா என்று ஒருநாள் கேட்டேன். இடமும் இல்லை, புரட்ட ஆளும் இல்லை என்றாள். பார்க்க வருகிற சனத்தைப் பற்றி அவள் படித்த புத்தகம் எதிலும் எழுதவில்லையாம், இடமும் ஆளும் வேணுமென்று இவள் கேட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அத்தாட்சி கேட்கிறார்களாம்.

"உங்கப்பாவே அத்தாட்சி இல்லையாடி?" என்றேன்.

"ஒரு ஆளு போதாதும்மா. நெறையப் பேரப் பாத்து எழுதணும். அப்பத்தான் நம்புவாக."

அவள் படித்தவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு இருந்தது ஒரு ஆள்தான்.