பாலாற்றை நீந்திக் கடந்தவர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் முனிசாமி. அதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்பது அவர் கட்சி. முசரவாக்கத்திலிருந்து அரைக்கால் சட்டையோடு காஞ்சிபுரத்துக்கு வந்து, அடுத்தவன் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக் கூலிக்கு நெய்து, இன்று ஒரு தெரு நெசவாளிகளுக்குப் பட்டும் ஜரிகையும் எடுத்துக் கொடுக்கிற முதலாளி. எந்தக் காலேஜில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? 

அறுபத்தெட்டாம் வருஷம் தெருப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்தார். திறப்பு விழாவுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தன் வாழ்க்கையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத வேண்டும். மேடையில் படிக்க வேண்டும். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்த அறையில் தொங்கவிட வேண்டும்.

"பெரியவன் எழுதினா காச வாங்கிக்கினு எழுதினான்னு பேசுவானுங்க. புள்ளைங்க எழுதினா எவன் வாயைத் தொறப்பான்?" என்றார்.

ஐந்தாம் வகுப்பு வாத்தியார் சடகோபன், சின்னக் காஞ்சிபுரத்துப் பையன், ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அவருக்குப் பசுவைப் பற்றிய கட்டுரை என்றாலே வயிறு எரியும். ஆதிகேசவன் என்றொரு பொடியன், 'பசுவுக்கு இரண்டு கொம்புகள் உண்டு' என்று எழுதியிருந்தான். அவன் வீட்டுப் பசுவுக்கு ஒரு கொம்பு ஒடிந்து வருஷக் கணக்கு ஆகிறது. அன்று முதல் சடகோபன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "கண்ணால பார்த்ததை எழுது. பார்க்காததை எழுதணும்னா பார்த்தவாளைக் கேட்டு எழுது" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"இதையும் அந்த முறைப்படியே எழுதச் சொல்லட்டுமா, முதலாளி?" என்று கேட்டார்.

"உன் இஷ்டம் வாத்தியாரே. ஜரிகையைக் கல்லுல உரசாம வாங்குற ஆளா நானு? நல்லா உரசிப் பாக்கட்டும்" என்றார் முனிசாமி. ஜரிகை வேறு, தான் வேறு என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பிள்ளைகள் அவர் கடைக்கு வந்து பாயில் உட்கார்ந்தார்கள். முனிசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஊரே மனப்பாடமாக வைத்திருந்த கதையை எடுத்துவிட்டார். அவருக்கு அப்போது இளவயசு. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கல்யாணம். கூறைப்புடவை இவர் தறியில். ராகுகாலம் கழிந்துதான் புடவையைத் தறியிலிருந்து அறுக்கலாம் என்று பழைய முதலாளி பிடிவாதம் பிடித்ததில் நேரம் போய்விட்டது. ஓரிக்கை ஆற்றங்கரையில் போய் நின்றால் பாலாறு கரை புரண்டு ஓடுகிறது. ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் நீந்தி, தாலி கட்டும் நேரத்தில் மணவறையில் கொண்டுபோய்க் கொடுத்தார்!

நெசவாளி பழனியின் மகள் வள்ளி பலப்பத்தைக் காதில் செருகிக்கொண்டு கேட்டாள்: "நீங்க நீந்தினதை யாரு பார்த்தாங்க?"

"அந்தப் பெருமாளே பார்த்தாரு!"

"அவரைக் கேக்க முடியாதே. வேற யாரு?"

"கல்யாணப் பொண்ணு பெரியநாயகி பார்த்தா. போய்க் கேளு, போ!"

அக்கரைக்குப் போய் யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம். பெரியநாயகி வாரா வாரம் கத்தரிக்காய்க் கூடையோடு காஞ்சிபுரம் சந்தைக்கு வருகிறவள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் வீட்டில் காய் வாங்குவது அவர் மனைவி பொன்னியம்மாள்.

அந்தப் பொன்னியம்மாள்தான் விழாவுக்கு முந்தின நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னாங்க, நேத்து சந்தையில பெரியநாயகி கூடை முன்னால உங்க பள்ளிக்கூடத்துப் பசங்க குந்திக்கினு எழுதுதுங்க. அவ கையை ஆட்டி ஆட்டிச் சொல்றா, அதுங்க உழுந்து உழுந்து சிரிக்குதுங்க."

கையில் எடுத்த கவளம் இலைக்கே திரும்பிப் போனது. நேரே பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். வாசலில் பந்தல் போடுகிறவர்கள், நெசவாளிகள் என்று ஒரே கூட்டம். சடகோபன் கட்டுரைத் தாளை எடுத்து நீட்டினார். முனிசாமிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் அத்தனை பேர் நடுவில் எழுத்துக் கூட்டுவதாவது!

"கண்ணாடி எடுத்துக்கினு வரல" என்றார்.

"நான் வாசிக்கட்டுமா?"

"வேணாம், வேணாம். எனக்குத் தெரியாததா அதுல இருக்கப் போவுது?" என்று சிரித்துவிட்டுத் திரும்பினார். இருபது வருஷமாகக் கட்டிக் காத்த பேர் நாளைக்கு ஒரு பொட்டைப் பிள்ளை வாயில் போய்விடுமே என்று அன்று ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார்.

விழாவுக்குத் தெருவே வந்திருந்தது. முன்வரிசையில் போட்டிக் கடைக்காரர் கலியாணசுந்தரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். வள்ளி மேடை ஏறினாள். முசரவாக்கம், தறிக்குழி எல்லாம் ஒழுங்காக வந்தது. முனிசாமிக்கு மூச்சு வந்தது. அடுத்த வரியில் போனது.

"பாலாற்றில் அன்று தண்ணீர் இல்லை. சித்திரை மாதம். இதைப் பெரியநாயகி அம்மாள் சொன்னார்."

கொட்டகை குலுங்கச் சிரித்தது. முனிசாமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வள்ளி சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டுத் தொடர்ந்தாள்.

"முதலாளி செருப்பை இக்கரையிலேயே கழற்றி வைத்துவிட்டார். கூறைப்புடவை தலைமேல் இருக்கும்போது செருப்புப் போடக் கூடாது என்று நினைத்தார். மணல் மிகவும் சுட்டது. அவர் நிற்காமல் ஓடினார். தாலி கட்டும் நேரத்துக்குப் புடவை வந்துவிட்டது. அதில் ஒரு சொட்டு வியர்வைகூடப் படவில்லை. பிறகு அவர் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, அம்மா அம்மா என்று அழுதார். பாயசம் கொடுத்தார்கள். அழுதுகொண்டே குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார்."

இந்தத் தடவை சிரித்தவர்கள் பாதிப் பேர்தான். சித்திரை வெயிலில் பாலாற்று மணலில் கால் வைத்துப் பார்த்த பெண்கள் "ஐயோ பாவமே" என்று முகவாயில் கை வைத்தார்கள்.

கலியாணசுந்தரம் விடுவாரா? "இன்னாபா முனிசாமி, இத்தினி வருஷமா நீந்தினேன் நீந்தினேன்னு சொல்லிக்கினு இருந்தியே!"

முனிசாமி எழுந்தார். மைக்கைப் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்தார்.

"தொட்டியில அழுததைச் சொல்லாம மணல்ல ஓடினதை எப்டிபா சொல்றது? அதான் ஆத்துல தண்ணியை வுட்டேன்" என்றார். பிறகு மார்பு மெல்ல நிமிர்ந்தது. "தண்ணியில நீந்தறது இன்னா பெரிய வித்தை? தவளைகூட நீந்துது. சித்திரை மணல்ல செருப்பில்லாம ஓடுறியா நீ? வா, நாளைக்கே வா. செருப்பை நான் பத்திரமா வெச்சுக்கிறேன்!"

கைதட்டல் கொட்டகையைத் தூக்கியது. கலியாணசுந்தரம் வெற்றிலையை வாய்க்குள் தள்ளிக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு முனிசாமி சடகோபனைத் தனியே கூப்பிட்டார். "வாத்தியாரே, எல்லாம் நல்லாத்தான் இருக்குது. சட்டம் போடும்போது அந்தத் தொட்டியை மட்டும் எடுத்துடு."

"தொட்டியை எடுத்தா தண்ணி மறுபடியும் ஆத்துக்கு வந்துடும், முதலாளி."

முனிசாமி வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தார். ஊதினால் பறக்கிற உடம்பு; ஆனால் நகருகிற வழியைக் காணோம். ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். தலைப்பில் கொட்டை எழுத்தில் முதலாளி பேர் இருந்த தாளைச் சட்டத்தில் மாட்டி எடுத்துக்கொண்டு வள்ளியின் அப்பா பழனி ஏறினார். ஏணியைப் பிடித்துக்கொண்டது முதலாளியே.

"இங்க அடிக்கட்டுமா, முதலாளி?"

"இன்னும் மேல."

"இங்க?"

"இன்னும் மேலபா! என் பேரு தெருவுலேர்ந்து பார்த்தாத் தெரியணும். தொட்டி, உள்ள வந்து நின்னாக்கூடத் தெரியக் கூடாது."