தண்ணீரிலும் கிராம்பு

சாருலதா எழுதிக் கொடுத்த தாளில் இரண்டே வரிதான். மருந்து வாடை. கிராம்பு தூக்கல்.

பாலகணேஷ் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நந்தனத்தில் இருக்கும் அந்தச் சுவைப் பரிசோதனைக் கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு.

"மேடம், இது ஜெர்மன் ஸ்டைல் கோதுமை பீர். வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வரத்தான் செய்யும்."

"தெரியும் சார். இது அந்தக் கிராம்பு இல்ல. பல் டாக்டர்கிட்ட போனா அடிக்குமே, அது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லாத்தான் இருக்கு" என்றாள் அடுத்த மேசையில் இருந்த அனுப்ரியா.

"உனக்கு இன்னும் சளி விடல அனு" என்றாள் சாருலதா.

பாலகணேஷ் பீர் ஆலைக்கு ஃபோன் போட்டு, அந்த பீர் இருந்த டேங்க் முழுவதையும் வடித்துவிடச் சொன்னார். ஆட்களைக் கூப்பிட்டு வால்வைத் திறக்கிறோம் என்றார்கள்.

சாருலதாவுக்கு நாற்பத்தெட்டு வயது. உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். பையன் வெளியூர் வேலைக்குப் போகும்வரை மயிலாப்பூர் வீட்டுச் சமையலறைதான் அவளுடைய ஆய்வுக்கூடம். போன வருடம் இங்கே சுவை பார்க்கும் குழுவில் சேர்ந்தாள். மாமியார் பங்கஜம், "கோதுமைல ஏதோ ஆராய்ச்சி பண்றா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பரிசோதனை நாளில் காப்பி கூடாது, பூ கூடாது, பவுடர் கூடாது. பாக்கு மென்றுவிட்டு வந்த ஒருவரைப் பாலகணேஷ் அன்றே குழுவிலிருந்து எடுத்துவிட்டார். சாருலதா காலையில் வெறும் இட்லி சாப்பிட்டாள். சோப்புக்கூட வாசனையில்லாததுதான்.

பாலகணேஷ் தன் அறைக்குப் போனதும், வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் தம்ளரை எடுத்தாள். உதட்டருகே வந்ததும் கை நின்றது.

தண்ணீரிலும் கிராம்பு வாடை.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வலது உள்ளங்கையை முகர்ந்தாள். கிராம்பு, பச்சைக் கற்பூரம். வரும் வழியில் மாதவப் பெருமாள் கோயிலில் இறங்கித் தீர்த்தம் வாங்கிக் குடித்து, மிச்ச ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டது நினைவுக்கு வந்தது. முன்நெற்றி முடியிலும் அதே வாடை. காப்பியையும் பூவையும் யோசித்து யோசித்துத் தவிர்த்தவளுக்குத் தீர்த்தம் ஒரு வாசனைப் பொருளாகவே தோன்றவில்லை.

சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. டேங்க்தான் சாக்கடைக்குப் போகும். அனுப்ரியா ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாருலதா எழுந்து பாலகணேஷின் அறைக்குப் போனாள்.

"சார், வால்வைத் திறக்க வேண்டாம்னு சொல்லுங்கோ. தப்பு என் கையில இருக்கு."

அவர் முதலில் ஃபோனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கடைசியில் யாரோ எடுத்தார்கள். "திறந்தாச்சா?" என்றவர், பதிலைக் கேட்டு நாற்காலியில் சாய்ந்தார். "தொடாதீங்க. அப்புறம் சொல்றேன்."

பிறகுதான் விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடித்து, "குளிச்சிட்டு வாங்க" என்றார்.

கழிவறைக் குழாயில் தலையை நனைத்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். புது கிளாஸில் அதே பீரை ஊற்றினார்கள். கலங்கலான மஞ்சள், மேலே தடித்த நுரை. முதலில் கனிந்த வாழைப்பழம், அடியில் கிராம்பு லேசாக, பிறகு ரொட்டி மாவின் மணம். மருந்து வாடை இல்லை. பழைய வரிகளை அடித்துவிட்டு எழுதினாள்: குறை இல்லை.

"என் இடத்துக்கு வேற யாரையாவது பார்க்கணும் இல்லையா சார்?"

பாலகணேஷ் தாளை வாங்கி மடித்தார். "பாக்குக்காரர் கடைசிவரைக்கும் ஒத்துக்கலை மேடம். திங்கக்கிழமை அடுத்த டேங்க் வருது. பெருமாளைச் சாயங்காலம் சேவிச்சுக்கோங்க."

ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தவளைப் பங்கஜம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி சாரு, கோதுமை ஆராய்ச்சிக்குத் தலைக்கு வேற குளிக்கணுமா?"

"ஆமாம்மா" என்றாள் சாருலதா. "பெருமாளைச் சேவிச்சுட்டு நேரா போனா குளிக்கணும். இனிமே சாயங்காலம்தான் கோயில்."