வெறும் வயிற்றில்

எந்நேரமும் அசந்து கிடந்த எனக்குக் கள்ளிக்குப்பம் வீட்டில் மாமியார் வைத்த பெயர் சோம்பேறி. தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும், "படுத்துகினே கெடக்க ஒரு வியாதிய கண்டுபுட்ச்சிகினா" என்று எதிர்வீடு வரைக்கும் போய்ச் சொன்னார்.

இப்போது அவருக்கும் அதே குறை, அதே குட்டி மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் விழுங்கினால் அரை மணி நேரத்துக்குக் காபி கூடாது. கண் திறக்கும் முன்பே காபி கேட்கிறவர் அவர்.

என் மாத்திரையை நான் முன்னதாகவே எழுந்து போட்டுவிடுகிறேன். அவர் தன்னுடையதை விழுங்கியதும், எதிரில் உட்கார்ந்து மணக்க மணக்கக் காபியை ஆற்றுகிறேன்.

"இன்னாடி, அரை மணி இன்னுமா ஆவல?" என்பார்.

"சோம்பேறி ஊட்டுக் கடியாரம் அத்தே. மெதுவாத்தான் ஓடும்."