அளவெடுக்காமல் வாங்கியது

கழுத்தில் டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் தெருவில் அவருக்குப் பெயரே டேப் மாஸ்டர். முப்பது வருஷமாகப் பேன்ட் தைக்கிறார். யாருக்கு வெட்டினாலும் அரை அங்குலம் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவார். கூடினால் பிடித்துக்கொள்ளலாம், குறைந்தால் துணிக்கு எங்கே போவது என்பார். அந்தப் பழக்கம்தான் கடைசியில் அவர் மானத்தை வாங்கியது.

சர்க்கரை வந்து பத்து வருஷம். போன வருஷம் இதயத்தில் அடைப்பு எடுத்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேறு. இதற்கெல்லாம் நடுவில் ஆண்மை அவரைக் கைவிட்டது. மனைவி பக்கத்தில் வந்து படுத்தால் குறட்டை விடுவதுபோல் நடித்தார். நடிக்கத் தெரியாத மனுஷன். அவளும் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது அவரைத் தின்றது.

ஃபோனில் தேடி, ஆணுறுப்பை விறைக்க வைக்கும் பம்பு ஒன்றை வரவழைத்தார். ஒரு பிளாஸ்டிக் குழாய், காற்றை உறிஞ்ச ஒரு கைப்பிடி, அடியில் மாட்ட ரப்பர் வளையம். குழாயில் மூன்று அளவு இருந்தது. சுற்றளவு பார்த்து வாங்கவும் என்று எழுதியிருந்தது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவர் தனக்கு டேப் பிடிக்கக் கூசினார். கூச்சம் பாதி, வீம்பு பாதி. இருப்பதிலேயே பெரியதை வாங்கினார்.

காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் மனைவி வேலை. ஒரு மத்தியானம் அவள் நூல் வாங்கப் போனதும், ஷட்டரை இறக்கிவிட்டு டிரையல் ரூமுக்குள் போனார். குழாய் தொளதொளவென்று நின்றது. பிடிக்கவில்லையே என்று கைப்பிடியை வேகமாக அடித்தார். இடைவெளி வழியாக விதைப்பையின் தோலையும் சேர்த்து அது உள்ளே இழுத்தது. உயிர் போகிற வலி. காற்றைத் திறந்துவிடும் பொத்தான் கைக்கு அகப்படுவதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது.

"ஏன் காலை அகட்டி நடக்கறீங்க?" என்றாள் மனைவி.

"வெட்டுற மேசை மூலை இடிச்சிடுச்சு."

இரண்டு நாளாகியும் வீக்கம் வடியவில்லை. டாக்டர் அவரிடம் பேன்ட் தைத்துக்கொள்பவர். அவர் முன்னால் அவிழ்த்து நின்றபோது மாஸ்டர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளவு பாத்து வாங்கினீங்களா மாஸ்டர்?"

"இல்ல சார்."

"எனக்கு அளக்காம பேன்ட் வெட்டுவீங்களா?"

மாஸ்டர் தலையைத் தொங்கப்போட்டார்.

"உடம்பு ஆளுக்கு ஆள் வேற. சுத்தளவு வேற, சிலருக்கு வளைவு இருக்கும். குழாய் அகலமா இருந்தா பக்கத்துத் தோலையும் இழுத்துடும், குறுகலா இருந்தா நசுக்கும். உங்க மாத்திரைக்கு லேசா இழுத்தாலே உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு கன்னிப்போயிடும். முதல்ல ஆறட்டும். அப்புறம் உங்களுக்கு இது ஆகுமான்னு நானே பாக்கறேன். ஆகும்னா, அழுத்தம் அளவுக்கு மேல போகாத பம்பா எழுதித் தரேன். வளையத்தை மட்டும் அரை மணிக்கு மேல விட்டுடாதீங்க." கை கழுவியபடி கேட்டார்: "வீட்டுல தெரியுமா?"

"தெரியாது சார். தெரியவும் வேண்டாம்."

"அடுத்த வாட்டி அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

செத்தாலும் மாட்டேன் என்று நினைத்துக்கொண்டே கடைக்குத் திரும்பினார்.

வெட்டுகிற மேசையடியில் மனைவி குந்தியிருந்தாள். மிச்சத் துணியில் பஞ்சு அடைத்து, மேசையின் நான்கு மூலைக்கும் உறை தைத்து மாட்டியிருந்தாள். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்தாள்.

"நாலு மூலையும் ஒண்ணு போல இல்லீங்க. ஒவ்வொண்ணா அளந்து தச்சேன். இனிமே இடிச்சாலும் வலிக்காது, பாருங்க."

தொட்டுப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் முன்னால் அம்மணமாக நின்றபோதுகூட அவருக்கு இத்தனை அவமானமாக இல்லை. முகம் எரிந்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்தார்.

ஷட்டரை இறக்கினார்.

"மேசை ஒண்ணும் பண்ணல," என்றார். "இப்படி உக்காரு. சொல்றேன்."